ஃபார்மலின் வாடை பழகிவிட்டதா? மூக்கை நம்பாதீர்கள்

கேள்வி: திசு ஆய்வகத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. தினமும் ஃபார்மலின் ஜாடிகளைத் திறந்து மாதிரிகளை மாற்றுவது என் வேலை. ஆரம்பத்தில் கண் எரியும், மூக்கு ஒழுகும். இப்போது கொஞ்ச நேரத்தில் வாடையே தெரிவதில்லை. சர்ஜிக்கல் மாஸ்க், கையுறை போடுகிறேன், மின்விசிறியும் ஓடுகிறது. போதுமா?

போதாது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 'வாடையே தெரிவதில்லை'தான். ஃபார்மலின் கரைசலிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடு வாயுவுக்கு உடம்பு பழகவில்லை, மூக்குதான் மரத்துப்போயிருக்கிறது. காற்றில் அது குறையவே இல்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி 8 மணி நேர வேலைக்குச் சராசரி வரம்பு 0.75 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு), 15 நிமிடத்துக்கு 2 பிபிஎம். அதே நாட்டின் ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைப்பதோ வெறும் 0.016. அந்த அளவில் பெரும்பாலோருக்கு வாடை எட்டவே எட்டாது, அப்புறம் மூக்கை வைத்து என்ன அளப்பது?

மாஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். சர்ஜிக்கல் மாஸ்க், என்95 இரண்டுமே துளிகளையும் தூசியையும் தடுக்கத்தான், வாயு அவற்றில் தாராளமாகப் புகுந்து வரும். ஃபார்மால்டிஹைடுக்கென்றே உள்ள வடிகட்டிக் கார்ட்ரிட்ஜ் பொருத்திய, முகத்தில் இறுகப் பொருந்தும் சுவாசக்கவசம்தான் உதவும், அதுவும் இரண்டாம்பட்சம். முதலில் வேண்டியது ஃபியூம் ஹூட், அதாவது ஆவியை உள்ளிழுத்து வெளியேற்றும், கண்ணாடிக் கதவுள்ள வேலைப்பெட்டி. ஜாடியை அதற்குள் ஒரு சாண் தள்ளி வைத்து, கண்ணாடிக் கதவை முடிந்தவரை இறக்கிவிட்டுத் திறங்கள். மின்விசிறி? அது ஆவியைப் பக்கத்து மேசைக்காரருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஹூட் பக்கத்தில் ஓடினால் உள்ளே இழுக்கும் காற்றையும் கலைத்துவிடும், அணைத்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் குப்பைத்தொட்டி. ஃபார்மலின் துடைத்த காகிதத்தை மூடியில்லாத தொட்டியில் போட்டால் சாயங்காலம் வரை ஆவி வந்துகொண்டே இருக்கும். மூடி போட்ட தனித் தொட்டி வையுங்கள், மிச்ச ஃபார்மலினைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

சரி, கையுறை. மெல்லிய லேடெக்ஸ் வேண்டாம், நைட்ரைல் போடுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலே தடித்துச் சிவக்கும். கண்ணுக்கு முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவும்போதே எடுத்துவிட்டு, நேராக மருத்துவரிடம் போங்கள்.

நீண்டகால ஆபத்து என்றால் புற்றுநோய்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியில் வருவதும், பிறகு ரத்தப் புற்றும் அதில் அடங்கும். பயந்து வேலையை விடச் சொல்லவில்லை, வெளிப்பாடு குறையக் குறைய ஆபத்தும் குறையும். கர்ப்பமாக இருப்பவர், ஆஸ்துமா உள்ளவர் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடமும் மேற்பார்வையாளரிடமும் பேசிவிட வேண்டும்.

'10% ஃபார்மலின்' என்ற லேபிளைப் பார்த்துக் குழம்புபவர்கள் நிறைய. அதில் ஃபார்மால்டிஹைடு சுமார் 4%தான், அடர் கரைசலில் 37 முதல் 40% வரை இருக்கும், கூடவே அது கெட்டியாகாமல் இருக்க மெத்தனாலும். அதனால் அடர் கரைசல் தீயும் பிடிக்கும். நீர்க்கச் செய்வது ஹூட்டுக்குள்தான். குளிரில் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும், அதனால் ஃபிரிட்ஜ் வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், இரண்டின் ஆவியும் சேர்ந்தால் இன்னும் மோசமான புற்றுநோய்ப் பொருள் உருவாகலாம். பிளீச்சோடும் கலக்காதீர்கள்.

கொஞ்சம் சிந்தினால் கையுறையோடு உறிஞ்சு தாளால் துடைத்து அந்த மூடித் தொட்டியில் போடுங்கள். பெரிய ஜாடியே உடைந்தால் துடைக்க நிற்காதீர்கள், எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

இந்த வாரமே மேற்பார்வையாளரிடம் இரண்டு கேளுங்கள்: ஹூட்டின் காற்றிழுப்பை எப்போது சோதித்தார்கள், நீங்கள் சுவாசிக்கும் ஃபார்மால்டிஹைடைச் சட்டைக் காலரில் மாட்டி ஒரு நாள் முழுக்க அளக்கும் பேட்ஜ் தருவார்களா. விடுமுறையில் சரியாகி வேலைக்கு வந்ததும் இருமலோ மூச்சிரைப்போ திரும்பினால், மருத்துவரிடம் ஃபார்மலின் என்ற பெயரையும் சொல்லுங்கள்.