டைவிங் பெட்டி: 12,000 ரூபாயை வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி: சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் போனேன். ஸ்கூபா சாமான்கள் இருந்த பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தது. ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) கிளாம்ப் வளைந்து, டைவ் கம்ப்யூட்டரின் (ஆழமும் நேரமும் காட்டும் கருவி) கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஹேவ்லாக் தீவில் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. கவுண்டரில் மரியாதையில்லாமல் பேசினார்கள். திருமண நாள் பயணமே கெட்டது. பெட்டி வந்த ஐந்தாம் நாள் மெயிலில் புகார் கொடுத்தேன். 1,62,000 ரூபாய் கேட்டால் 12,000 தருகிறார்களாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: ஆணையத்துக்குப் போகாதீர்கள், சமரசம் பேசி முடியுங்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் கவுண்டர் சண்டை. கோபம் நியாயம்தான், ஆனால் அதை வைத்து வழக்கு நடத்த முடியாது. பெட்டி சேதம் என்றால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தந்துவிட்டீர்கள், அந்தக் கண்டம் தாண்டியாயிற்று.

என் கண்ணில் பட்டது நீங்கள் அனுப்பிய மூன்றாவது போட்டோ. கைப்பிடிக்குக் கீழே, பாதுகாப்புச் சோதனைக்காகப் பெட்டியைத் திறந்ததாகச் சொல்லும் சீட்டு ஒட்டியிருக்கிறது. அப்புறம் உங்கள் கையாலேயே எழுதிய பொருள் பட்டியலில் ஏழாவது வரி: 'டைவ் டார்ச் 1, உபரி லித்தியம் பேட்டரி 2.' இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விமான நிறுவனத்தின் வக்கீல் அதைத்தான் செய்வார்.

உபரி லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டுமே போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. டைவ் டார்ச் அதிகச் சூடு தரும் சாமான். அதை நிறுவனத்திடம் முன்கூட்டிச் சொல்லி, பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். எக்ஸ்ரேயில் பேட்டரி தெரிந்து பெட்டியை எடுத்து வைத்தார்கள், அதனால்தான் விமானத்தைத் தவறவிட்டது என்று அவர்கள் சொன்னால், தாமதத்துக்குக் காரணம் நீங்கள்தான் என்றாகிவிடும். பயணியின் தவறு எந்த அளவுக்குக் காரணமோ அந்த அளவுக்கு நிறுவனத்தின் பொறுப்பு குறையும், முழுதாகப் போகவும் கூடும். ஹேவ்லாக் வாடகைக் கணக்கு அங்கேயே விழுந்துவிடும். கிளாம்ப் வளைந்ததற்குப் பேட்டரி காரணமில்லை என்று வாதாடலாம், நியாயமான வாதம்தான். ஆனால் அதைச் சொல்ல, பேட்டரி இருந்ததை நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும். தடைசெய்த பொருளைப் பெட்டியில் வைப்பது தனிக் குற்றம்.

பல வருடத்துக்கு முன் ஒருவர் இதே நிலையில் என்னிடம் வந்தார், கேமராக்காரர். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் பேட்டரி வரியை எடுத்துவிட்டுப் புதுப் பட்டியலோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். முதல் நாள் அவர் அனுப்பிய மெயிலை எதிர்த்தரப்பு எடுத்து வைத்தது. சேதம், தாமதம் எல்லாம் மறந்துபோய், ஒரு வருடம் அவர் பொய் சொன்னாரா என்பதைப் பற்றியே பேசினோம். நீங்கள் அந்த வரியைத் தொடாதீர்கள்.

இனி ஏன் சமரசம் என்கிறேன் என்றால், உள்நாட்டுப் பயணத்தில் பெட்டிக்கு நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய் வரைதான். செக்-இன் நேரத்தில் கூடுதல் மதிப்பை அறிவித்து, கட்டணம் கேட்டால் கட்டியிருந்தால்தான் அதைத் தாண்டலாம். நீங்கள் செய்யவில்லை, யாரும் செய்வதில்லை. 'வேண்டுமென்றே வீசினார்கள், உச்சவரம்பு பொருந்தாது' என்று வாதாட ஆசைப்படுவீர்கள். அதற்கு அவர்கள் தெரிந்தே அலட்சியமாக நடந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும், வளைந்த கிளாம்ப் போதாது. மன உளைச்சலுக்கு ஆணையம் தனியாகச் சில ஆயிரம் போடுவதும் உண்டு. போட்டால் மேல்முறையீடு, அது இழுக்கும். ஆக, நீங்கள் சண்டை போடப்போவது 8,000 ரூபாய்க்கு, அதுவும் பேட்டரி வரியை வைத்துக்கொண்டு.

1,62,000 என்பது புதுச் சாமானின் விலை, உங்களுடையது நாலைந்து வருடம் பயன்படுத்தியது. டைவ் சர்வீஸ் சென்டரில் கிளாம்ப் மாற்றவும் கம்ப்யூட்டர் கண்ணாடிக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அதை வைத்து 18,000 கேளுங்கள், 15,000 வந்தால் முடித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் இடத்தில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். பணத்தோடு வரும் தாளில் 'முழு, இறுதித் தீர்வு' என்று இருக்கும். டிராவல் இன்ஷூரன்ஸ் அல்லது கிரெடிட் கார்டோடு வந்த காப்பீடு இருந்தால், அந்தத் தாளில் கையெழுத்திடும் முன் காப்பீட்டுக்காரர்களுக்கு எழுதிப் பதில் வாங்குங்கள். நிறுவனத்திடம் வசூலிக்கும் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்தால், மிச்சப் பணத்துக்கு அப்புறம் யாரிடமும் போக முடியாது.