பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லையில் இருக்கும் கவார்னி கிராமத்தின் நிலமும் இயற்கையும் எப்படி இருக்கும்? போய்ப் பார்க்கலாமா?

நாங்கள் இருப்பது தெற்கு பிரான்சின் துலூஸ் நகரில். ஊரிலிருந்து யார் வந்தாலும் லூர்து மாதா கோயிலுக்குக் கூட்டிப்போகாமல் விடமுடியாது. போன ஜூனில் அத்தை வந்திருந்தபோது, குகைக்கு எதிரே ஓடும் ஆற்றைக் காட்டி, "இது எங்கேருந்தும்மா வருது?" என்றார். (மாதா ஊற்றுத் தண்ணீர் வேறு, இந்த ஆறு வேறு. அதைப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது.) சரி, ஆற்றின் தலைமாட்டையே காட்டிவிடலாம் என்று மறுநாள் காரில் கிளம்பினோம். லூர்திலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். அதுதான் கவார்னி.

கிராமம் ஏறக்குறைய 1,365 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2016 முதல் பக்கத்து ஊரான ஜெத்ருடன் சேர்ந்து ஒரே கொம்யூன் (நம்மூர் ஊராட்சி மாதிரி). மக்கள்தொகை சில நூறுதான். எல்லையூர் என்று பேர், ஆனால் ஸ்பெயினுக்கு வண்டிச் சாலை கிடையாது. கிளைச் சாலை ஒன்று 2,208 மீட்டர் உயரம் வரை ஏறி அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் நடைதான்.

ஊரில் எங்கே நின்றாலும் தெற்கே ஒரு சுவர் தெரியும். அரைவட்டமாக, மூன்று படிக்கட்டு போல, அடியிலிருந்து முகடு வரை 1,500 மீட்டர். படிகளில் ஜூனிலும் பனி கிடந்தது. பனியுகத்தில் பனியாறு குடைந்தெடுத்த கிண்ணம் இது. பாறை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல், அதாவது ஒரு காலத்துக் கடலடி. ஸ்பெயினைச் சுமக்கும் ஐபீரியப் புவித்தட்டு வந்து இடித்ததில் அடுக்குகள் பாயை மடித்தமாதிரி மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன. பழைய பாறை மேலேயும் புதியது கீழேயுமாகத் தலைகீழாகக் கிடக்கும் இடங்கள்கூட உண்டு. நிலவியல் படிப்பவர்கள் இங்கே படையெடுப்பது அதற்காகத்தான்.

அந்தச் சுவரில் விழும் அருவி, கிராமத்திலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளை நூல். "இவ்வளோதானா? பத்து நிமிஷத்துல போயிடலாமே" என்றார் அத்தை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு பெரிய சுவர் எதிரே நிற்கும்போது கண் தூரத்தைத் தப்பாகவே அளக்கிறது. மரம் எறும்பு மாதிரி தெரிந்தபோதுதான் எனக்கே உறைத்தது. கடைசிப் பகுதி முழுக்கச் சரளைக்கல். செருப்போடு போகாதீர்கள்.

அருவியின் உயரம் 422 மீட்டர். பாதி வழியில் ஒரு திட்டில் மோதி, மறுபடி விழுகிறது. அடியில் போன குளிர்காலத்துப் பனி மேடாகக் கிடக்க, அதன் கீழே குடைந்துகொண்டு தண்ணீர் வெளியே வந்தது. லூர்தில் அத்தை பார்த்த அந்த ஆறு, 'கவ் த போ' (Gave de Pau), பிறக்கும் இடம் இதுதான். லூர்து வழியாக ஓடி, அதூர் ஆற்றில் கலந்து, அட்லாண்டிக்கில் சேர்கிறது. ஆனால் அருவிக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு ஸ்பெயின் பக்கத்துப் பனியும் ஏரித் தண்ணீரும்தான். சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான பொந்துகள் வழியாக மலைக்கு அடியில் புகுந்து இந்தப் பக்கம் வந்து விழுகிறது. மேலே 3,248 மீட்டர் மர்போரே சிகரத்தின் வழியே எல்லைக்கோடு போகிறது. கீழே தண்ணீர் அதைச் சட்டை செய்யவில்லை.

மாடுகளுக்கும் அப்படித்தான். பிரான்சும் ஸ்பெயினும் செய்த 1862 பயோன் ஒப்பந்தம் இங்கே எல்லைக்கோட்டைத் தெளிவாகப் போட்டது. ஆனாலும் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஏற்பட்ட மேய்ச்சல் உடன்பாட்டின்படி, ஸ்பெயினின் புரோத்தோ பள்ளத்தாக்கு மாடுகள் இன்றும் ஜூலைக் கடைசியில் பூஷாரோ கணவாய் தாண்டி வந்து இந்தப் பக்கம் மேய்கின்றன. 1997-இல் யுனெஸ்கோ இரு நாட்டுப் பகுதியையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டபோது, மலையோடு இந்த மேய்ச்சல் வாழ்க்கையையும் கணக்கில் எடுத்தது. நாங்கள் ஜூனில் போனதால் மாடுகளைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மர்மோத் என்ற மலை அணிலின் விசில்தான் கேட்டது. தலைக்கு மேலே பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) வட்டமடித்தன. எலும்பைப் பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் தாடிப் பாறும் இங்கே உண்டு. நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன், அத்தைக்கு எல்லாமே பருந்து.

மனதை உறுத்திய விஷயம் இதே கொம்யூனின் மேற்கு மூலையில் இருக்கிறது. 3,298 மீட்டர் வின்யமால் சிகரமும் அதன் ஓசூ பனியாறும். ஹென்றி ரஸ்ஸல் என்ற மலைப்பித்தர் 1889-இல் அந்தச் சிகரத்தை ஆண்டுக்கு ஒரு பிராங்க் என்று 99 வருடக் குத்தகைக்கு எடுத்தார். கட்டடம் கட்டினால் மலை அழகு கெடும் என்று பாறையில் குகைகள் வெட்டித் தங்கினார். அன்று பனியாற்றிலிருந்து நேராக நுழையும்படி இருந்த குகைவாசல், பனி கரைந்து இறங்கியதில் இன்று அந்தரத்தில் நிற்கிறது.

ஜூனில் போங்கள், தண்ணீர் நிறைய இருக்கும். காலையிலேயே போங்கள், மதியத்தில் மேகம் சுவரை மூடிவிடும்.

அத்தை அருவியடியில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், மாதா தண்ணீர் எது, அருவித் தண்ணீர் எது என்று தெரியவில்லை. இரண்டையும் ஊருக்கு எடுத்துப்போய்விட்டார்.