ரெண்டு பொண்ணுங்க, 40,000 ரூபாய், ஒரு போலி கல்யாண சர்டிபிகேட்

கேள்வி: நானும் என் தோழியும் 6 வருஷமா ஒரே வீட்ல குடும்பமா இருக்கோம், ரெண்டு பேருக்கும் 30 தாண்டிருச்சு. சென்னைல ஒருத்தர் 40,000 ரூபாய் குடுத்தா வக்கீல் ஆபீஸ்லயே மாலை மாத்தி சுயமரியாதை கல்யாண சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்னு சொல்றார். ஹைகோர்ட்டே ஒத்துக்கிச்சுன்னு வாட்ஸப்ல பேப்பர் கட்டிங்கும் அனுப்பினார். பணம் கட்டலாமா? நாளைக்கு ஒருத்தருக்கு ஏதாவது ஆனா இன்னொருத்தருக்கு என்ன உரிமை?

பதில்: கட்டாதீங்கம்மா. அட்வான்ஸ்னு 1,000 ரூபாய் கூட வேண்டாம். ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் அந்த வாட்ஸப் சாட்டையும் அழிக்காம வச்சுக்கங்க, சீட்டிங் கம்ப்ளைன்ட்டுக்கு அதுதான் ஆதாரம்.

இந்தியால இன்னைய தேதிக்கு ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்தைப் பதிவு பண்ண எந்தச் சட்டத்துலயும் வழி இல்ல. 2018 செப்டம்பர்ல, ஒரே பாலின உறவைக் குற்றமாக்கி வச்சிருந்த 377-வது பிரிவு பத்தி வந்த தீர்ப்பு நீங்க சேர்ந்து வாழ்றது குற்றம் இல்லன்னு சொல்லுச்சு, அவ்ளோதான், அதுல கல்யாணம் பத்தி பேச்சே இல்ல. கல்யாணத்துக்குன்னு போன சுப்ரியோ வழக்குல 2023 அக்டோபர் 17 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்ல 5 ஜட்ஜும் ஒரே மாதிரி சொன்னது, கல்யாணம் பண்றது அடிப்படை உரிமை இல்ல, ஸ்பெஷல் மேரேஜ் ஆக்டை நாங்க மாத்தி எழுத முடியாது, அது பார்லிமென்ட் வேலைன்னு. கல்யாணம்னு பேர் வைக்காம வேற ஏதாவது சட்ட அங்கீகாரமாவது குடுக்கலாமான்னு பாத்தா அதுவும் 5-ல 3 ஜட்ஜ் முடியாதுன்னதால 3-க்கு 2-னு தோத்துப் போச்சு. சீராய்வு மனுவையும் 2025 ஜனவரில தள்ளுபடி பண்ணிட்டாங்க. கோர்ட்டு பார்லிமென்ட்டைக் கேளுங்குது, கவர்மென்ட்டு கமிட்டி போட்டிருக்கோம்குது, தாலுகா ஆபீஸ்ல இந்த சீட்டுக்கும் அந்த சீட்டுக்கும் நம்மள அலைய விடுவாங்களே, அதே கதை.

இப்ப அந்த கட்டிங். 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பாத்தான் இருக்கும். ஒரு பொண்ணை வீட்ல அடைச்சு வச்சிருக்காங்கன்னு அவ தோழி ஆட்கொணர்வு மனு போட்டாங்க, கோர்ட்டு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டு, இஷ்டப்பட்ட இடத்துக்குப் போலாம், யாரும் தடுக்கக் கூடாதுன்னு அனுப்பி வச்சுது. குடும்பம் ஆகுறதுக்கு கல்யாணம் மட்டுமே வழி இல்லன்னும் எழுதுச்சு. நல்ல தீர்ப்பு, ஆனா அதே இடத்துலயே சுப்ரியோ வழக்கு ஒரே பாலினக் கல்யாணத்தை சட்டமாக்கலங்கிறதும் இருக்கு. ஏஜென்ட் அனுப்புற கட்டிங்ல அந்தப் பாதி மட்டும் இருக்காது பாருங்க.

சுயமரியாதைக் கல்யாணம்னு சொல்றாரே, அது 1967-ல அண்ணா ஆட்சில இந்து திருமணச் சட்டத்துல சேர்த்த 7ஏ பிரிவு. ஐயர் வேண்டாம், சொந்தக்காரங்க நண்பர்கள் முன்னாடி மாலையோ மோதிரமோ மாத்தினா போதும். வக்கீல் ஆபீஸ்ல நடந்தாலும் செல்லும்னு 2023-ல சுப்ரீம் கோர்ட் சொன்னதும் உண்மை, ஏஜென்டுங்க புடிச்சு தொங்குறது இதைத்தான். ஆனா அந்தப் பிரிவைப் படிச்சா உறுதிமொழியே "என் மனைவியாக", "என் கணவராக"ன்னுதான் வருது. பதிவு ஆபீஸ்ல ஃபார்ம்ல மணமகன் கட்டம் காலியா இருந்தா அங்கயே திருப்பிருவாங்க. அதனால இவங்க பதிவுக்கே போக மாட்டாங்க. ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு ஒப்பந்தம் அடிச்சு, நோட்டரி சீல் குத்தி, சிவப்பா ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, லேமினேட் பண்ணிக் குடுப்பாங்க. என்கிட்ட ஒரு பொண்ணு அப்படி ஒண்ணை பூஜை ரூம்ல வச்சிருந்ததை எடுத்துட்டு வந்து காட்டுச்சு, நோட்டரிக்கு கல்யாணம் பண்ணி வைக்கிற அதிகாரமே கிடையாதும்மான்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, அதைக் கொஞ்சம் விளக்கியே ஆகணும். ஒருத்தர் திருநங்கை, இன்னொருத்தர் ஆண்னா கல்யாணம் செல்லும். 2019-ல தூத்துக்குடி ஜோடி கேஸ்ல ரிஜிஸ்ட்ரார் பதிவு பண்ண மறுத்ததுக்கு, மணமகள்ங்கிற வார்த்தைல திருநங்கையும் அடக்கம், பதிவு பண்ணுன்னு மதுரை பெஞ்ச் உத்தரவு போட்டுச்சு. சுப்ரியோ தீர்ப்பும் இதை உறுதி பண்ணிருக்கு, அதே மாதிரி திருநம்பியும் (பொண்ணுன்னு பதிவாகிப் பொறந்து ஆணா வாழ்றவர்) பெண்ணும் பண்ணிக்கலாம். இதை ஏன் இழுக்குறேன்னா, சர்டிபிகேட் செல்லலன்னு நீங்க போய் நின்னா ஏஜென்ட்டோட அடுத்த ஐடியா இதுதான், "ரெண்டு பேர்ல ஒருத்தர் திருநம்பின்னு கார்டு வாங்கிருங்க, இன்னொரு 60,000 ஆகும்". நிஜமா திருநம்பியா இருக்கவங்களுக்கு அது அவங்க உரிமை, அவங்க வாழ்க்கை. நீங்க பொண்ணாவே இருந்துக்கிட்டு கல்யாணத்துக்காக பொய் டிக்ளரேஷன் குடுத்தா கேஸ் உங்க மேலதான் வரும், ஆதார்ல ஆரம்பிச்சு பாஸ்போர்ட் வரைக்கும் சிக்கல், ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். தாய்லாந்து போய்ப் பண்ணிக்கலாம்னு பேக்கேஜும் விக்கிறாங்க, அங்க 2025 ஜனவரில இருந்து சட்டப்படி பண்ணலாம்தான், ஆனா சென்னை வந்து இறங்கினதும் இங்க அது கணக்குல வராது.

சரி, ஒருத்தருக்கு ஏதாவது ஆனா? முதல்ல உயில். கல்யாணம் ஆகாத இந்துப் பொண்ணு உயில் இல்லாம செத்துட்டா, சொந்தமா சம்பாதிச்ச சொத்து அம்மா அப்பாவுக்கும் அவங்க வழிக்கும்தான் போகும், கூட வாழ்ந்தவங்களுக்கு ஒரு ஸ்பூன் கூட வராது. ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுங்க. சாட்சி 2 பேர் வேணும், உங்களை விட வயசு கம்மியானவங்களா பாருங்க. பதிவு கட்டாயம் இல்ல, ஆனா சொந்தக்காரங்க சண்டைக்கு வருவாங்கன்னு தெரிஞ்சே இருக்கிறப்ப பதிவு பண்ணிருங்க.

நாமினி போட்டாச்சு, உயில் எதுக்குன்னு பேங்க்லயே சொல்லுவாங்க, நம்பாதீங்க. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகிட்ட குடுக்க வேண்டிய ஆள், அவ்ளோதான். 2023 டிசம்பர்ல ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்துலயும் சுப்ரீம் கோர்ட் இதையே சொல்லிருச்சு. நாமினியும் போடுங்க, உயில்லயும் அதே பேரை எழுதுங்க.

பவர் ஆஃப் அட்டர்னி எழுதிட்டா ஐசியுல கையெழுத்துப் போடலாம்னு இன்னொரு வியாபாரம் நடக்குது. எழுதிக் குடுத்தவங்களுக்கு சுயபுத்தி போனா நம்ம ஊர் சட்டத்துல பவரும் போயிரும், தேவைப்படுற அன்னிக்குத்தான் அது வெத்துப் பேப்பர். பதிலா, தனக்கு எந்த சிகிச்சை வேணும் எது வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கிற பத்திரம் இருக்கு, 2 சாட்சி, நோட்டரி போதும்னு 2023 ஜனவரில சுலபமாக்கிட்டாங்க. யார் முடிவெடுக்கணும்ங்கிற இடத்துல தோழி பேரைப் போடுங்க. நெருங்கிய உறவான்னு ஆஸ்பத்திரில இழுப்பாங்க, ஆனா வெறுங்கையா நிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

வீட்ல இருந்து மிஸ்ஸிங் கம்ப்ளைன்ட் குடுத்தா பயப்பட வேண்டாம். ரெண்டு பேரும் மேஜர், இஷ்டப்பட்டுத்தான் இருக்கோம்னு ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுத்தா கேஸை முடிக்கணும், தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2021-ல சுஷ்மா வழக்குல ஹைகோர்ட் போலீசுக்கு சொல்லிருக்கு. ஆதார் காப்பியும் தெரிஞ்ச வக்கீல் நம்பரும் கைல இருக்கட்டும்.

கடைசியா ஜாயின்ட் அக்கவுண்ட். இதுக்குத் தடையே இல்லன்னு மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்ட் 28 அன்னிக்கு தெளிவா அறிவிச்சிருக்கு, பார்ட்னரை நாமினியாவும் போடலாம். அப்படியும் கவுன்டர்ல "உறவு என்ன?"ன்னு பேனாவை வச்சுக்கிட்டு உங்க மூஞ்சியைப் பாப்பாங்க. அந்த அறிவிப்பை பிரின்ட் எடுத்துட்டுப் போங்க, கிளார்க்கிட்ட மல்லுக்கட்டாம நேரா மேனேஜர் டேபிள்ல வைங்க. முடியாதுன்னா எழுத்துல குடுங்கன்னு கேளுங்க.