அப்பாவின் பாட்டை மகன் வாசித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழுவின் கிடார் மேதை எடி வான் ஹேலனின் மகன் வுல்ஃப்காங், அப்பா தயவில் 16 வயதிலேயே மேடை ஏறியவர். இப்போது தன் கச்சேரிகளில் அப்பாவின் பாட்டு ஒன்றைக்கூட வாசிக்க மாட்டேன் என்கிறார். இது நன்றிகெட்டதனம் இல்லையா?

பதில்: இல்லவே இல்லை.

அப்பா தயவு என்பது சரி. 2007 சுற்றுப்பயணத்தில் அந்தப் பையன் பேஸ் கிடாரோடு வந்து நின்றது குழுவின் பழைய பேஸ் கலைஞர் மைக்கேல் ஆன்டனியின் இடத்தில். ஆன்டனி பேஸ் வாசித்ததோடு நிற்கவில்லை. அந்தக் குழுவின் கோரஸ்களில் உச்சியில் கேட்குமே ஒரு குரல், அதுவும் அவருடையதுதான். அவரை வெளியே விட்ட விதம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அது பெரியவர்கள் எடுத்த முடிவு. அந்தக் கோபத்தை இன்னும் மகன் தலையில் இறக்குவது நியாயமே அல்ல.

அவர் வளர்ந்த சூழலை யோசித்துப் பாருங்கள். 1991 மார்ச் 16 அன்று பிறந்தார். அந்த வருடமே வெளிவந்த வான் ஹேலன் ஆல்பத்தில் ‘316’ என்று ஒரு கிடார் இசைத்துண்டு இருக்கிறது. மூன்றாம் மாதம், பதினாறாம் தேதி. இசைமேதை வுல்ஃப்காங் மோட்சார்ட்டின் பெயரை மகனுக்கு வைத்த அப்பா, 1996-இல் மகனின் பெயரை ஒரு கிடாருக்கு வைத்தார். ஐந்து வயதுக் குழந்தையின் பெயரில் கடைகளில் கிடார் விற்றது! இப்படி வளர்ந்தவர் கிடாரையே தொடாமல் போயிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

அவர் டிரம்ஸில் ஆரம்பித்தார். அப்புறம் பேஸ், கிடார், பாட்டு. 2021-இல் வந்த முதல் ஆல்பத்தில் எல்லாக் கருவிகளையும் அவரே வாசித்தார், அவரே பாடினார். பதிவு நடந்தது அப்பாவின் 5150 ஸ்டுடியோவில். குழுவுக்கு அவர் வைத்த பெயர் ‘மேமத்’. வான் ஹேலன் என்ற பெயர் வருவதற்கு முன்னால் அப்பாவும் பெரியப்பா அலெக்ஸும் தங்கள் குழுவுக்கு வைத்திருந்த பெயர் அது. அப்பாவை மறந்தவரா இந்தப் பெயரைத் தேடி எடுப்பார்?

‘டிஸ்டன்ஸ்’ என்ற பாட்டை அப்பா புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தபோது, அவர் இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நினைத்து எழுதினார். அப்பா அதைக் கேட்டார். அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. 2020 அக்டோபர் 6 அன்று, 65 வயதில், எடி இறந்தார். மறு மாதம், வீட்டில் எடுத்த பழைய வீடியோக்களோடு பாட்டு வெளியானது. என்னால் அதை ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை.

வாசிக்க வராது என்பதால் மறுக்கிறாரோ என்று சந்தேகம் இருந்தால், 2022 செப்டம்பரில், மறைந்த ஃபூ ஃபைட்டர்ஸ் குழு டிரம்ஸ் கலைஞர் டெய்லர் ஹாக்கின்ஸ் நினைவாக லண்டன் வெம்பிளியில் நடந்த கச்சேரியைப் பாருங்கள். ‘ஆன் ஃபயர்’, ‘ஹாட் ஃபார் டீச்சர்’ என்ற வான் ஹேலன் பாட்டுகள் இரண்டையும் ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தார். அதே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த நினைவுக் கச்சேரியிலும் வான் ஹேலன் பாட்டுகளை வாசித்தார். அந்தப் பாட்டுகளை வாசிக்க வேண்டிய இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் மகன் ட்வீஸில் 2006 முதல் அப்பாவின் இசையை மேடையேற்றி வருகிறார். அதற்காகக் கிடார் வாசிக்கும் முறையையே புதிதாகப் பழகினார். பெரிய காரியம்தான். ஆனால் ஸாப்பாவின் இசையைத் தொடத் துணிகிறவர்கள் குறைவு. அங்கே மகனின் தேவை இருந்தது. எடியின் பாட்டுகளை உலகம் முழுக்க எத்தனையோ குழுக்கள் வாசிக்கின்றன.

எடியின் அப்பா யான், நெதர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கிளாரினெட் கலைஞர். மகன்கள் அந்த இசையைத் தொடராமல் ராக் பக்கம் போனார்கள். யாரும் அவர்களை நன்றிகெட்டவர்கள் என்று சொல்லவில்லை. 1982-இல் யானே கிளாரினெட்டோடு வந்து மகன்களின் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு வாசித்துக் கொடுத்தார். எடிக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரத்தை எடியின் மகனுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

2023-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ‘டேக் எ பௌ’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதன் சோலோவை, அதாவது கிடார் தனித்து ஒலிக்கும் பகுதியை மட்டும் கவனித்துக் கேளுங்கள். சிவப்பு உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட, எடியின் அசல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கிடாரை எடுத்து, எடியின் பழைய மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து வாசித்திருக்கிறார், தன் சொந்தப் பாட்டுக்காக.