நாய் விவகாரத்தில் பேச்சை நிறுத்திய மாக்சிக்: பதில்

தங்கையே, உங்கள் நாய் பக்கத்து வீட்டு மாக்சிக்கின் (மலாய்க்கார அம்மாவின்) செருப்பை நக்கியதிலிருந்து அவர் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரிதான். அது வெறுப்பு அல்ல. இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி நெறிப்படி, நாயின் எச்சில் பட்ட பொருளை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் அது எவ்வளவு பாடு!

அன்று தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நாயை நாம் கட்டியதே இல்லை. இப்போதோ தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கிறோம். முதலில் வேலியில் உள்ள ஓட்டையை அடைத்துவிடுங்கள். பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். புதுச் செருப்பும் வாங்கிக் கொடுங்கள். அப்படியும் மனம் இறங்காவிட்டால், 1975 முதல் இயங்கிவரும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பினரைச் சமரசம் பேச அழையுங்கள். காவல் நிலையத்துக்கு மட்டும் இப்போது போகாதீர்கள்.