அம்மாவின் கண்ணில் படாத பூப்பாணி

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். கொஞ்ச நாளாக வீட்டிலேயே பூப்பாணி காய்ச்சுகிறேன். செவ்வரத்தைப் பூவையும் ரோசா இதழையும் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்து, வடித்து, சமனாகச் சீனி சேர்த்துப் போத்தலில் அடைக்கிறேன். ஒரு கிழமை போவதற்குள் மேலே வெள்ளையாகப் படர்கிறது, திறந்தால் புளித்த மணம். நிறமும் மங்கிவிடுகிறது. ஓகஸ்ட் விடுமுறைக்கு மச்சாள் குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது. அவர்களுக்கு நம்முடைய பூவில் குளிர்பானம் கொடுக்க ஆசை. பூவுக்குக் குறைவில்லை, அம்மா விடியவே பறித்து இதழ் பிரித்துத் தந்துவிடுவா. அவவுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் பிரிட்ஜில் இருப்பதால் அதை அடிக்கடி திறப்பா. அதனால் போத்தலை அவ கண்ணில் படாமல் அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைக்கிறேன். கெடாமல் இருக்க என்ன சேர்க்க வேண்டும்?

பதில்: தங்கச்சி, பாணி புளிக்கிறது, பூஞ்சணம் பிடிக்கிறது, என்ன போட்டால் நிற்கும் என்று கேட்டு எத்தனையோ கடிதம் வந்துவிட்டது. எல்லாரும் ஒரு பொடியின் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் எந்தப் பொடியும் சொல்லப்போவதில்லை. உங்கள் பாணி ஏன் கெடுகிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அம்மாவைப் பற்றிய அந்த வரிகளில். அந்தப் பாணி இருக்க வேண்டிய இடம் பிரிட்ஜ். அங்கே அம்மாவின் கை வரும் என்பதற்காக அதை அடுப்பின் ஆவியில் கொண்டுபோய் ஒளித்திருக்கிறீர்கள்.

சமனாகச் சீனி சேர்த்த பாணியில் பாதிக்குப் பாதி தண்ணீர். பூவிலும் காற்றிலும் இருக்கும் கிருமிக்கு அது நல்ல சாப்பாடு. பிரிட்ஜில் வைத்தாலே இரண்டு கிழமைக்கு மேல் அதை நம்பக்கூடாது. கச்சான் காற்று வீசுகிற மாதத்தில், மட்டக்களப்புச் சூட்டில், அடுப்புக்கு மேலே வைத்தால் ஒரு கிழமை தாக்குப்பிடித்ததே பெரிய காரியம். இப்போது தட்டில் இருப்பதை இன்றைக்கே ஊற்றிவிடுங்கள். வெள்ளையை அள்ளி எறிந்துவிட்டு மீதியைத் திரும்பக் காய்ச்சலாம் என்று நினைக்க வேண்டாம். மேலே தெரிவது கொஞ்சம்தான், உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

சரி, இனி அம்மாவின் விஷயத்துக்கு வருவோம்.

விடிய எழும்பி, செடியடியில் நின்று, ஒவ்வொரு பூவாகப் பறித்து இதழ் பிரித்துத் தருகிறவர் அவர். அந்தப் பூவில் காய்ச்சியதை யார் கண்ணில் படாமல் வைக்கிறீர்கள்? அவர் கண்ணில் படாமல். எழுதும்போது உங்களுக்கு உறுத்தவில்லையா? கனடாவிலிருந்து வரும் மச்சாளுக்கு என்ன கொடுப்பது என்று இப்போதே யோசிக்கிறீர்கள். அம்மாவுக்கு என்ன கொடுப்பது என்று ஒரு வரியும் கேட்கவில்லை.

இந்தக் கரையில் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை, தமிழர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும், மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பதுதான் வழக்கம். தாயும் தகப்பனும் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அதே வளவில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். உங்கள் வீடு எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எப்படி வந்திருந்தாலும், மகளின் குசினியில் தாய்க்குத் தெரியாமல் ஒரு தட்டு இருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்கள் நம் ஊர்களால் போகும்போது, முகம் தெரியாத சனத்தைக் கூப்பிட்டுத் தாகசாந்தி கொடுக்கிறோம். பெற்றவளிடம் மட்டும் போத்தலை மறைப்பது என்ன முறை?

சீனி வருத்தக்காரருக்குப் பாணி கூடாது என்ற உங்கள் பயம் நியாயமானது. மூன்று மேசைக்கரண்டி சமபாகப் பாணியில் ஏறக்குறைய 25 கிராம் சீனி இருக்கிறது. ஒரு கிளாஸுக்குள் ஆறு தேக்கரண்டி சீனி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அவருக்குக் கொடுக்கத்தான் கூடாது. ஆனால் ஒளித்தால் என்ன நடக்கும்? இன்சுலின் போடுகிற ஒரு பெரிய மனுசி, வீட்டில் தனக்குத் தெரியாமல் ஏதோ இருக்கிறது என்பதை மணத்திலேயே பிடித்துவிடுவார். ஒரு மத்தியானம் நீங்கள் இல்லாத நேரம் கதிரை போட்டு ஏறுவார். குடித்தது எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, கிளினிக்கிலும் சொல்லமாட்டார். ஏறும்போது விழுந்தால் அது வேறு கதை. மறைத்துக் காப்பாற்றுவது பிள்ளைகளைக் கூடக் காப்பாற்றாது, பெரியவர்களை எப்படிக் காப்பாற்றும்? நேரே சொல்லுங்கள்: "அம்மா, இது சீனிப்பாணி, வாற ஆக்களுக்கு. உங்களுக்கு வேற வைச்சிருக்கிறன்." அவர் குழந்தை இல்லை, விளங்கும்.

அந்த "வேற" தனியாகச் செய்ய வேண்டியதில்லை. பாணி காய்ச்சுகிற முறையை மாற்றினால் அதிலேயே வந்துவிடும்.

முதலில், பூவைக் கொதிக்க வைப்பதை நிறுத்துங்கள். நிறம் மங்குவதும் ரோசா மணம் பறந்துபோவதும் அதனால்தான். செவ்வரத்தையையும் ரோசாவையும் ஒன்றாகப் போடுவதையும் விடுங்கள், இரண்டுக்கும் பக்குவம் வேறு. சிவப்புச் செவ்வரத்தை ஒரு இருபது பூ எடுத்து, பச்சைப் புல்லியையும் நடுவில் மகரந்தத்தோடு நிற்கும் தண்டையும் கிள்ளிவிட்டு, இதழை மட்டும் கழுவுங்கள். எறும்பு இருக்கும், பார்த்துக் கழுவ வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, அதன் பிறகு இதழைப் போட்டு மூடி, இருபது நிமிடம் விடுங்கள். அலுமினியச் சட்டியும் இரும்புச் சட்டியும் வேண்டாம், பூவின் நிறத்தையும் தேசிக்காய்ப் புளியையும் அவை கெடுக்கும். மெல்லிய துணியில் வடியுங்கள், போட்டு முறுக்கிப் பிழியாதீர்கள். வடித்த தண்ணீர் கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து நிற்கும். தேசிக்காய்ச் சாறு சில துளி விட்டதும் பளிச்சென்று சிவக்கும்.

சீனி போடுவதற்கு முன், இந்த இடத்தில்தான், அம்மாவின் பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு கிளாஸ் பூத்தண்ணீர், கொஞ்சம் தேசிக்காய், ஊறவைத்த கசகசா (திருநீற்றுப்பச்சை விதை) ஒரு கரண்டி, ஆறவிட்டுக் குளிரவைத்தால் போதும். நோன்பு காலத்தில் காத்தான்குடிப் பக்கம் சர்பத்துக்குள் மிதக்கிற அதே கசகசாதான். பார்வைக்கு மற்றக் கிளாஸ்களிலிருந்து வித்தியாசமே தெரியாது. வருகிற சனத்துக்கு முன்னால் அவருக்கு மட்டும் வெறுந்தண்ணீர் நீட்டுகிற அவமானமும் இருக்காது.

மிச்சத்தில் 250 மில்லிலீற்றர் அளந்து 400 கிராம் சீனி போடுங்கள். சின்ன நெருப்பில் சீனி கரையும் வரை கிண்டி, ஒரு கொதி வந்ததும் அரைத் தேசிக்காயின் சாறு விட்டு இறக்குங்கள். அந்தப் புளி நிறத்தைப் பிடித்து வைக்கும், சீனி திரும்பக் கற்கண்டாகக் கட்டிப்போகாமலும் பார்த்துக்கொள்ளும். பாணி கெட்டியானால் கிருமிக்குத் தண்ணீர் கிடைப்பது குறையும், அதனால்தான் சீனியைக் கூட்டச் சொல்கிறேன். இன்னும் கூட்டலாமே என்று 250-க்கு 600 கிராம் போட்டால் அடியில் சீனி உறைந்து நிற்கும்.

ரோசாவுக்கு வேறு வழி. இதழின் அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி கைக்கும், அதைக் கிள்ளிவிட வேண்டும். வெறும் சீனிப்பாணியைக் காய்ச்சி இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் இதழின் மேல் ஊற்றி மூடுங்கள். ஆறிய பிறகு வடித்தால் மணம் அப்படியே இருக்கும். கடையில் வாங்கும் ரோசா வேண்டாம், அவற்றுக்கு மருந்து அடித்திருப்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறம் அழகாக இருக்கிறது என்று வேலியில் நிற்கும் பூவையெல்லாம் இதில் போடக்கூடாது. அலரி, மஞ்சளானாலும் சிவப்பானாலும், பூவிலிருந்து வேர் வரை நஞ்சு. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பூப் பறிக்கிறவருக்குப் பார்வை மங்கலாக இருந்தால், பறித்ததை வெளிச்சத்தில் நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

போத்தல் கண்ணாடியாக, சின்னதாக இருக்கட்டும். தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்துக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக்கூடாது. காய்ச்சிய திகதியை எழுதி ஒட்டி பிரிட்ஜில் வையுங்கள். கெட்டிப்பாணி ஒரு மாதம் நிற்கும். ஆனால் மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும் ஆசை எதற்கு? செவ்வரத்தை தினமும் பூக்கிறது. மச்சாள் வருவதற்கு இரண்டு நாள் முன்னம் காய்ச்சினால் போதும்.

பிரிட்ஜில் இன்சுலின் ஒரு தட்டில் இருக்கட்டும், பாணி வேறு தட்டில். அம்மா திறக்கும்போது பார்க்கட்டும். பறிக்கிற வேலையையும் முழுக்க அவர் தலையில் கட்டாமல், நீங்களும் விடிய எழும்பிக் கூட நில்லுங்கள். பூத்தண்ணீரை அவர் அடிக்கடி குடிக்கத் தொடங்குவதற்கு முன்னால், அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போங்கள். என்னென்ன குளிசை எடுக்கிறார், எத்தனை யூனிட் இன்சுலின் போடுகிறார் என்று எழுதிக்கொண்டு போய், செவ்வரத்தைப் பூத்தண்ணீர் அவருக்குச் சரிவருமா, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று டொக்டரிடம் கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் குளிசை எடுக்கிறார் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.