காஞ்சிபுரத்தில் ஒரே நாளில் எந்தெந்தக் கோயில்களைப் பார்க்கலாம்?

சென்னையிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் கோயில் பட்டியலைவிட நடை சாத்தும் நேரம்தான் முக்கியம். காஞ்சியில் பெரும்பாலான கோயில்களில் உச்சிவேளையோடு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். இது தெரியாமல் அம்மாவோடு பத்தரைக்குப் போய் இறங்கினேன். காமாட்சி அம்மன் கோயில் வரிசையிலேயே காலை முடிந்துவிட்டது. வெளியே வந்தால், ஆட்டோக்காரர் நேராக ஒரு பட்டுப்புடவைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நாலு மணி வரை அங்கேதான். அம்மாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை!

அதனால் வெயில் ஏறுமுன் கைலாசநாதருக்குப் போய்விடுங்கள். கி.பி. 700-ஐ ஒட்டி ராஜசிம்ம பல்லவன் கட்டிய மணற்கல் கோயில். கூட்டமே இருக்காது. மதிலின் உட்புறம் நெடுக 58 சிற்றாலயங்கள். ஒவ்வொன்றாகக் குனிந்து பாருங்கள். சிலவற்றின் சுவரில் பல்லவர் கால ஓவியம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். கருவறையைச் சுற்றிவர ஒரு பொந்து வழியாகத் தவழ்ந்து நுழைந்து, இன்னொரு பொந்து வழியாக வெளியே வர வேண்டும். வந்துவிட்டால் மறுபிறவி கிடையாதாம். எனக்குத் தோள் மாட்டிக்கொண்டது. "ஒருக்களிச்சு வாங்கோ, தலை முதல்ல" என்று குருக்கள் வெளியிலிருந்து குரல் கொடுக்க, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். மூட்டுவலிக்காரர்கள் வெளியில் நின்றே கும்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது வைகுண்டப் பெருமாள். நின்ற, அமர்ந்த, கிடந்த கோலங்களில் பெருமாள் மூன்று அடுக்குகளில் இருக்கிறார். ஆனால் தரிசனம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். சிங்கத்தூண் பிரகாரத்தின் சுவர் முழுக்கப் பல்லவ வம்சத்தின் கதை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாரிசில்லாமல் போன அரியணைக்கு 12 வயதுப் பையனை அழைத்துவந்து முடிசூட்டினார்களே, அந்த நந்திவர்மன்தான் இந்தக் கோயிலைக் கட்டியவன். தன் கதையையும் அதே சுவரில் சேர்த்துவிட்டான்.

நேரம் இருந்தால் நடை சாத்துமுன் ஏகாம்பரநாதர். 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். காமாட்சியை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். சொந்த வண்டி இருந்தால் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலையும் விடாதீர்கள். தீர்த்தங்கரர்களின் கதைகளை விதானம் முழுக்க வண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள். காஞ்சிக்கு வருபவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கடைசியாக, சின்ன காஞ்சிபுரம் வரதராஜர். இங்கே குளத்துக்கடியில் வைத்திருக்கும் அத்திமரப் பெருமாள்தான் அத்திவரதர். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். 2019-இல்தான் வெளியே வந்தார், இனி 2059-இல்தான். அதுவரை அனந்தசரஸ் குளத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டியதுதான். கூரையில் இருக்கும் தங்கப் பல்லி உருவத்தைத் தொட்டுக் கும்பிடும் வரிசை நீளமாக இருந்தால் நூற்றுக்கால் மண்டபத்துக்கு நடந்துவிடுங்கள். மூலையில் தொங்கும் கல் சங்கிலியை அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும். அப்புறம், மிளகு, சீரகம், சுக்கு போட்டு மூங்கில் குடலையில் வேகவைக்கும் கோயில் இட்லி கிடைத்தால், வெட்டிய துண்டை மந்தாரை இலை வாசனையோடு அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன், கல்லாகிவிட்டது.